பாசியைத் தேய்க்காதீர்கள், ஊற வையுங்கள்

மழை ஓய்ந்து மலை ஏரிகளில் சீசன் களைகட்டும் நேரம். குடும்பத்தோடு மிதிபடகில் ஏறப்போகிறவர்கள் முதலில் கைக்குட்டையை எடுத்து சீட்டைத்தான் துடைக்கிறார்கள். துணியில் பச்சையாக ஒட்டி வந்தால் பாசி. எத்தனை துடைத்தாலும் நகராமல் கருப்பாகப் பொட்டுப் பொட்டாக நின்றால் பூஞ்சணம். பாசிக்கு ஈரமும் வெளிச்சமும் போதும். பூஞ்சணத்துக்கு வெளிச்சம் வேண்டாம், தீனி வேண்டும். கெட்டி பிளாஸ்டிக்கில் அதற்குத் தீனி அதிகம் கிடையாது. நாம் விட்டுப்போகும் வியர்வை, தலை எண்ணெய், சன்ஸ்கிரீன், மாங்காய் பத்தையிலிருந்து சொட்டிய சாறு எல்லாம் படிந்து அழுக்காகின்றன. அதைத் தின்றுதான் அது வளர்கிறது.

கொடைக்கானல் போன்ற ஊரில் இது சீக்கிரமே பிடித்துவிடும். 1863-ல் மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஊர் ஏரி, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரண்டு பருவமழையும் உண்டு, மழை நின்றால் பனிமூட்டம். சீட்டின் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் காய வழியே இல்லை.

கறையைப் பார்த்ததும் படகைக் கழுவுகிறவரின் கை கம்பி நாரைத் தேடும். அங்கேதான் கெடுகிறது காரியம். சீட்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். வழுக்காமல் இருக்க அதன் மேல் மெல்லிய சொரசொரப்பு வைத்து வார்த்திருப்பார்கள். பூஞ்சணம் குடியிருப்பது அந்த நுண்ணிய பள்ளங்களில். கம்பி நார் மேட்டைச் சுரண்டும், பள்ளத்தைத் தொடாது. போதாததற்கு நூறு புதுக் கீறல் போட்டுவிடும். உழுது போட்ட வயல் மாதிரி சீட் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இங்கே வேலை செய்ய வேண்டியது கைபலம் இல்லை, நேரம். படகைக் கரையேற்றி, தண்ணீரைவிட்டுத் தள்ளி வையுங்கள். குளோரின் கலந்த கழிவு ஏரியில் இறங்கினால் மீனுக்கு ஆகாது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் புது பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு, சீட்டில் வெள்ளைப் படலமாக ஒட்டும். பழைய துணியை அந்தத் தண்ணீரில் நனைத்துக் கறைமேல் விரித்து, காயாமல் 10 நிமிடம் விடுங்கள். அதன்பின் மெத்தென்ற பிரஷால் தேய்த்தாலே போதும், பெரும்பாலும் வந்துவிடும். கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். போல்ட் மாட்டும் இடுக்குகளையும் சீட்டின் அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சீக்கிரம் போகட்டும் என்று கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ பிளீச்சோடு கலப்பது உயிரோடு விளையாட்டு. அதில் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப்போரில், 1915-ல் ஈப்ர போர்முனையில் படைவீரர்களைக் கொன்றது அதுதான். அம்மோனியா கலந்த கிளீனரும் ஆகவே ஆகாது. கூலிக்கு வந்து படகு கழுவுகிறவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதும் கையுறை வாங்கித் தருவதும் படகு வைத்திருப்பவரின் பொறுப்பு. அதில் சாக்குப்போக்குக்கு இடமே இல்லை.

ரெக்ஸின் தைத்த மெத்தை சீட் என்றால் கதை வேறு. பிளீச் தையல் நூலை இற்றுப்போகச் செய்யும். அதற்கு மிதமான சோப்பு, போகாவிட்டால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுவும் முதலில் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டு. ரெக்ஸினில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் மட்டும் மெனக்கெட வேண்டாம். உள்ளே வளரும் நுண்ணுயிர் விடும் சாயம், ரெக்ஸினை வளைய வைக்கும் எண்ணெயில் கரைந்து ஊறி வந்தது அது. மேலே என்ன தேய்த்தாலும் போகாது. உறையை மாற்றத்தான் வேண்டும்.

கழுவிய சீட்டை நன்றாகக் காயவிட்ட பிறகே மூடுங்கள். தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே அடைபடும். இரண்டு பக்கமும் காற்றுப் போக இடைவெளி வேண்டும். தண்ணீர் தேங்குகிறதே என்று சிலர் சீட்டில் டிரில் போட்டு ஓட்டை வைக்கிறார்கள். தனியாகக் கழற்றக்கூடிய, ஒற்றைத் தகடு சீட் என்றால் சரி. படகோடு சேர்த்து வார்த்த சீட்டில் அதைச் செய்யவே கூடாது. பல படகுகளில் சீட்டுக்குள் இருக்கும் உட்கூடுதான் படகை மிதக்க வைக்கும் காற்றறை.