சாட்சிக்குப் போன நாளின் சம்பளம்

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் 64ஆவது படலம், ஒரு பெண் தன் திருமணத்துக்குச் சாட்சி தேடிய கதை. பாம்பு தீண்டி இறந்து, திருஞானசம்பந்தர் அருளால் உயிர் பெற்றெழுந்த வணிகன் ஒருவன், திருப்புறம்பியத்திலேயே தன் மாமன் மகளை மணந்துகொண்டான். அருகிருந்தவை ஒரு வன்னிமரம், ஒரு கிணறு, ஒரு சிவலிங்கம். மதுரைக்கு வந்தபின் மூத்தாள் இளையாளை நோக்கி, உன் கலியாணத்தைக் கண்டவர் யார் என்று இகழ, அவள் சோமசுந்தரப் பெருமானிடம் முறையிட்டாள். மூன்று சாட்சிகளும் மதுரைத் திருக்கோயிலின் ஈசான திசையிலே வந்து தோன்றின என்பது புராணம். நூறு மைலுக்கு மேற்பட்ட வழி. வன்னிமரத்துக்கு முதலாளி இல்லை. கிணற்றுக்கு வரவுப் பதிவேடு இல்லை. இலிங்கப் பெருமானை நோக்கி ‘உமக்கு இவ்வாண்டுக்குரிய லீவு முடிந்துவிட்டது’ என்று சொல்லத்தக்கவர் எவரும் இலர்.

மனிதச் சாட்சியின் நிலை அத்தகையதன்று. நீதிமன்றம் அழைப்பாணை விடுத்தால் அவன் போயே தீர வேண்டும். போகாவிடில் பிடியாணை பிறக்கும். சாட்சி சொல்வது குடிமகனின் கடமை என்று சட்டம் கூறுகின்றது. நன்று. ஆனால், அந்தக் கடமையைச் செய்த நாளுக்குரிய சம்பளத்தை யார் கொடுப்பது என்று கேட்டால் அதே சட்டம் வேறு பக்கம் பார்க்கின்றது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஊழியருக்கு ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவும், 7 நாள் சில்லறை லீவும் சம்பளத்துடன் தருகின்றது. பின்னைய 7 நாளும் எதற்கெனில், சொந்த அலுவலுக்கு, சுகவீனத்துக்கு, அல்லது வேறு தகுந்த காரணத்துக்கு. சாட்சிக்கென்று தனியே ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. எனவே அரசின் பெயரால் வந்த அழைப்பாணையும் மைத்துனன் வீட்டுக் கலியாண ஓலையும் அந்த ஏழு நாளுக்குள்ளேயே இடம் பிடிக்க வேண்டியனவாகின்றன. அரச உத்தியோகத்தர் தம் பதவி பற்றிய வழக்குக்குச் செல்லும் நாள் கடமை நாளாகவே கொள்ளப்படும். நாட்கூலிக்கு வெங்காயம் கிண்டுபவனுக்கும், கொத்தனுக்கும், கடற்றொழிலாளிக்கும் இந்த ஏழு நாளும் இல்லை. போன நாள் போனதுதான்.

என்னிடம் படித்த ஒருவர் யாழ்ப்பாணப் பட்டினத்திலே ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன், காலையில் வேலைக்குச் செல்லும் வழியில், வான் ஒன்று சைக்கிளில் வந்த முதியவர் ஒருவரை மோதியதைக் கண்டார். முதியவர் பிழைக்கவில்லை. அவ்விடத்திலே கூடி நின்றவர் பலர். பொலிசாரிடம் பெயரும் விலாசமும் கொடுத்தவர் இவர் ஒருவரே. பின்னர் அழைப்பாணை வந்தது. முதல் தவணையில் எதிரியின் சட்டத்தரணி வரவில்லை. இரண்டாந் தவணையில் நீதவான் லீவு. மூன்றாவதில் வைத்திய அறிக்கை வந்து சேரவில்லை. இவ்வாறே ஆறு தவணைகள் கழிந்தன. ஒவ்வொரு முறையும் இவர் காலை எட்டரை மணிக்கே போய், நீதிமன்ற வளவில் மரநிழலில் நின்று, பெயர் கூப்பிடப்பட்டதும் உள்ளே சென்று, அடுத்த தவணைத் திகதியைக் கேட்டுக்கொண்டு திரும்பினார். அப்போது பன்னிரண்டு மணியாகிவிடும். அரைநாள் வேலைக்கு வந்தால் முழுநாள் என்று எழுதும் வழக்கம் அக்கடையில் இல்லை.

ஏழாந் தவணைக்கு முன்னே என்னிடம் வந்து, “மாஸ்ரர், முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ. நீங்கள் எழுதினால் கேட்பார்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்த முதலாளியைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று பேரை வைத்துக் கடை நடத்துபவர். தீபாவளிக்கு முந்திய கிழமையில் ஒருவரை இழந்தால் வியாபாரம் தடைப்படும். நாட்டின் நீதிக்கு ஆகுஞ் செலவை அவர் ஒருவர் தலையிற் சுமத்துவதும் நியாயமாகாது. லீவு கொடுத்தார், சம்பளத்தை வெட்டினார். ஏழாந் தவணையில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டமையால் சாட்சியம் தேவைப்படவில்லை. கூண்டில் ஏறாமலே நம்மவர் வீடு திரும்பினார். அடுத்த மாதம் அவருடைய பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்த நான்கு நாளும் சம்பளமற்ற நாள்கள். “இனி ரோட்டிலை என்ன நடந்தாலும் நான் காணேல்லை, மாஸ்ரர்” என்றார். வாய்மை அதிகாரத்தை அவருக்கு வகுப்பிலே நடத்தியவன் நான். மறுமொழி ஒன்றும் என் வாயில் வரவில்லை.

சாட்சியோடு ஒருவாறு உடன்பிறந்தவர் ஜூரர். இந்நாட்டில் ஜூரி முறையை 1811இல் ஏற்படுத்தியவர் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். நாட்டவர் தாமே நீதி வழங்குவதிற் பங்குகொண்டால் நீதியை மதிக்கப் பழகுவர் என்பது அவர் கருத்து. 1816இல், தம் அடிமைகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் தொடக்கம் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் ஆவர் என்று கொழும்பு ஜூரிமார் தீர்மானஞ் செய்ததற்கும் அவரே தூண்டுகோலாயிருந்தார். இதிலிருந்தே, அந்நாளில் ஜூரராக அமர்ந்தவர் எத்தகையோர் என்பதை உய்த்துணரலாம். அடிமைகளை உடையவர் ஒருநாட் சம்பளத்துக்கு அஞ்சுவாரா?

பின்னர் ஜூரிமார் எழுவர் எனவும், ஐவர்க்குக் குறையாதோர் ஒருப்பட்டால் தீர்ப்பு எனவும் அமைந்தது. ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மூன்று பட்டியல்கள். பட்டியலிற் சேர வருமானமோ சொத்தோ வேண்டும். 1973 வரை உயர் நீதிமன்ற நீதியரசர் சுற்றுமுறையில் யாழ்ப்பாணம் வந்து கொலை வழக்குகளை விசாரித்த காலத்தில், அப்புக்காத்துமாரின் குறுக்கு விசாரணையைக் கேட்பதற்கென்றே கட்டுச்சோற்றுடன் சென்றவர்களைப் பற்றி முதியோர் இன்றும் சொல்வர். இந்தச் சொத்துத் தகுதியை அறிவுக்கு அடையாளமாக வைத்தார்கள் என்பர். எனக்கு வேறொன்று தோன்றுகின்றது. ஒருநாள் வருமானத்தை இழக்க வல்லவரை மட்டும் அழைத்துவிட்டால், அந்த நாளுக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வியே எழாது அல்லவா?

பழைய ஏதென்ஸ் நகரத்தார் இதற்கு நேர்மாறாகச் செய்தனர். ஏழையும் நீதிமன்றில் அமர வேண்டுமாயின் அவன் அன்றைய உணவுக்கு வழி வேண்டும் என்று பெரிக்கிளிஸ் ஜூரிமாருக்குக் கூலி வகுத்தான். கிளியோன் அதை மூன்று ஓபலாக உயர்த்தினான். கூலிக்காக விடியுமுன் ஓடும் கிழவர்களைக் குளவிகளாக உருவகித்து அரிஸ்டோபனிஸ் ஒரு நாடகமே எழுதிச் சிரித்தான். சோக்கிரதீசுக்கு நஞ்சு விதித்தவரும் கூலி பெற்ற ஜூரிமாரே என்று ஒருவர் எடுத்துக்காட்டலாம். மெய்தான். எனினும், கூலி பெறாத செல்வர் மட்டும் கூடியிருந்தால் அவனை விட்டிருப்பர் என்பதற்கு என்ன உறுதி?

இக்காலத்திலும் நாடுகள் பலவாறு செய்கின்றன. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் முதல் மூன்று நாளுக்கு முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்குமேல் மாநிலம் கொடுக்கும். இங்கிலாந்தில் முதலாளி ஜூரரை விடுவிக்க வேண்டும். சம்பளங் கொடுக்கக் கட்டுப்பட்டவரல்லர். இழந்த வருமானத்தை ஓர் எல்லைக்குள் நீதிமன்றம் ஈடுசெய்யும். இந்திய உயர் நீதிமன்றமோ 2000ஆம் ஆண்டில் பஞ்சாப் கொலை வழக்கொன்றிலே, தொலைவிலிருந்து வரும் சாட்சிகள் தவணைமேல் தவணையாக அலைக்கழிக்கப்படுவதையும், உரிய படிகூடக் கிடைக்காமல் திரும்புவதையும் மனம் நொந்து எழுதிற்று. நொந்தது சரி, சம்பளம் வந்தபாடில்லை.

இவையெல்லாம் நீதிமன்றம் சைக்கிள் ஓட்டத்தூரத்தில் இருக்கும்போது உள்ள தொல்லைகள். நம் குடாநாட்டாருக்கு இன்னொன்று உண்டு: வழக்கு ஊரைவிட்டே போய்விடும். 2000 டிசம்பர் 19இல் மிருசுவிலில் எண்மர் கொல்லப்பட்டனர். தப்பி வந்த ஒருவரின் சாட்சியமே வழக்குக்கு ஆதாரம். நீதிபதிகள் மூவர் அடங்கிய மன்றம் கொழும்பில் விசாரித்து, 2015 ஜூன் 25ஆம் நாள் இராணுவத்தினர் ஒருவருக்கு மரணதண்டனை விதித்தது. இடையிலே பதினான்கு ஆண்டும் ஆறு மாதமும். அந்த ஆண்டுகளுள், 2006 ஆகஸ்டிலே ஏ9 பாதை மூடுண்டு 2009 வரை தரைவழியே கிடையாது. கப்பலில் அல்லது விமானத்தில் போக வேண்டும். புகைவண்டி யாழ்ப்பாணத்துக்கு மீண்டது 2014 ஒக்டோபரில். ஒரு தவணைக்கு எத்தனை நாட்கூலி இழப்பு என்று வாசகரே கணக்கிடலாம். இத்தனைக்கும் பின் கிடைத்த தீர்ப்பு 2019இல் மேன்முறையீட்டிலும் உறுதியாயிற்று. குற்றவாளி 2020 மார்ச்சில் சனாதிபதியின் பொதுமன்னிப்புப் பெற்று வெளியேறினார்.

ஜூரியின் பக்கத்தையும் காண்க. இன்று கொலை போன்ற பெருங் குற்றங்களுக்கு எதிரி விரும்பினால் மட்டுமே ஜூரி. எம்மொழிப் பட்டியல் என்பதும் பெரும்பாலும் அவன் தெரிவு. 1996இல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் நடந்த கொலைகளின் வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. ஊரவர் அங்கு சென்று சாட்சி கூறினர். 2016 யூலையில் சிங்களம் பேசும் ஜூரிமார் எதிரிகள் அறுவரையும் விடுவித்தனர். யாழ்ப்பாண மாநகர முதல்வராயிருந்த பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006இல் கொழும்பிற் கொல்லப்பட்ட வழக்கிலும் அவ்வாண்டு டிசம்பரில் அத்தகைய ஜூரியே தீர்ப்பளித்து எதிரிகளை விடுவித்தது. ஜூரிமாரின் உள்ளத்தை நான் ஆராயப் புகவில்லை. தன் மொழியிற் கூறியதைப் பிறர் மொழிபெயர்க்கக் கேட்கும் எழுவர் முன் நிற்பதற்காக, கூலியையும் இழந்து அத்தனை தூரம் போக ஒருவனுக்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டும் என்பதையே நினைக்கின்றேன். நாவலர் பெருமான் தமிழகத்து நீதிமன்றொன்றில் செந்தமிழிலே சாட்சி கூற, மொழிபெயர்ப்பாளர் திகைத்து நின்றார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. சுவையான கதை. ஆனால் நாவலர், தம் உத்தியோகத்தை 1848இலேயே துறந்தவர். சம்பளம் வெட்டுவார் அவருக்கு எவருமில்லை.

2015ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம், தொலைவிடத்திலிருந்தே ஒளி ஒலி இணைப்பு மூலம் சாட்சியமளிக்க இடந் தந்தது. இது பெரு நன்மை; கொழும்புக்குப் போகும் பயணம் மிஞ்சும். யாழ்ப்பாணத்தில் அத்திரையின் முன்னே, தன் பெயர் கூப்பிடப்படும்வரை காத்திருக்கும் நாளுக்கு அந்தத் துணிக்கடைக்காரருக்குச் சம்பளம் உண்டா என்பதற்கு மட்டும், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் லீவுப் பிரிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அரசாங்கம் அந்நாளின் சம்பளத்தை முதலாளிக்கு மீளக் கொடுப்பதற்கு இன்னொரு வரி.