புதுச்சேரி என்றால் எந்தப் புதுச்சேரி?

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் மக்கள்தொகை எவ்வளவு? 9,50,289 என்றாலும் சரி, 12,47,953 என்றாலும் சரி. முதல் எண் புதுச்சேரி மாவட்டத்துக்கு உரியது. அதனோடு காரைக்கால் (2,00,222), ஏனாம் (55,626), மாஹே (41,816) மூன்றையும் கூட்டினால் வருவது யூனியன் பிரதேசத்தின் எண். பிரெஞ்சு ஆட்சியில் இருந்து வந்த, ஒன்றுக்கொன்று தொலைவான நான்கு பகுதிகளுக்கும் தலைநகரின் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. பேச்சில் எதைச் சொல்கிறோம் என்பது சூழலில் விளங்கிவிடும். கணினிக்குச் சூழல் தெரியாது. ஒரு பெயரை முதலில் எங்கே தேடுவது என்ற விதி மட்டுமே தெரியும். அதனால் நிரல் எழுதும்போது மாறிகளுக்குப் பெயர் வைப்பதை அழகு சார்ந்த விஷயமாக நினைக்கக் கூடாது. கணக்கு சரியாக வருவதே அதைப் பொறுத்தது.

புள்ளியியலில் பெரிதும் புழங்கும் ஆர் மொழியில் இதை நேரடியாகப் பார்க்கலாம். நான்கு மாவட்டங்கள் கொண்ட அட்டவணையில் ‘மாவட்டம்’, ‘மக்கள்தொகை’ என்று இரண்டு நெடுவரிசைகள். கேட்ட மாவட்டத்தின் தொகையைக் கூட்டித் தரும் ஃபங்ஷன் ஒன்று எழுதுகிறோம். கேட்பவர் தரும் பெயரை வாங்கிக்கொள்ளும் மாறிக்கும் ‘மாவட்டம்’ என்றே பெயர் வைத்துவிடுகிறோம். உள்ளே, வரிசைகளைப் பொறுக்கும் சப்செட் கட்டளையில் ‘மாவட்டம் == மாவட்டம்’ என்ற நிபந்தனை. சப்செட் எந்தப் பெயரையும் முதலில் அட்டவணைக்குள்தான் தேடும். அங்கேயே கிடைத்துவிடுவதால் நம் மாறியைத் திரும்பியும் பார்க்காது. நெடுவரிசை தன்னோடு தானே ஒப்பிடப்பட்டு, நான்கு வரிசைகளும் தேறிவிடும். மாஹேயைக் கேட்டால் 12,47,953 வரும். தவறு பளிச்சென்று தெரியும். புதுச்சேரியைக் கேட்டாலும் அதே எண்தான். ஆனால் அது அரசு ஆவணத்திலேயே உள்ள எண் என்பதால் சரிபார்ப்பவரும் ஒப்புக்கொண்டுவிடுவார். பிழைச்செய்தி எதுவும் வராது. மாறிக்குக் ‘கேட்ட_மாவட்டம்’ என்று பெயர் வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆர் அவ்வளவு எளிதில் ஏமாறாது என்பார்கள் சிலர். அதில் உண்மை உண்டு. மதிப்புகளைக் கோக்கும் ‘சி’ என்ற ஃபங்ஷனின் பெயரில் ஓர் எண்ணைச் சேமித்தாலும், அடைப்புக்குறியோடு அழைக்கும்போது ஆர் அந்த எண்ணைத் தாண்டிச் சென்று ஃபங்ஷனைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் இந்தச் சலுகை ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் மட்டும்தான். ‘உண்மை’ என்று பொருள்படும் ‘ட்ரூ’ என்பதற்குச் சுருக்கமாகப் பலர் எழுதும் ‘டி’ எழுத்து, ஆரில் யாரும் மாற்றிவிடக்கூடிய சாதாரண மாறி. வெப்பநிலை என்று நினைத்து அதில் 0 வைத்தால், பிறகு நம் நிரலில் ‘உண்மை’ என்ற பொருளில் ‘டி’ எழுதிய இடமெல்லாம் ‘பொய்’ ஆகும். ‘ட்ரூ’ என்ற முழுச்சொல்லை அப்படி மாற்ற ஆர் அனுமதிக்காது. நாலெழுத்து அடிப்பதில் என்ன நஷ்டம்?

ஆரின் டிபிளையர் தொகுப்பில், இந்தப் பெயர் அட்டவணையைச் சேர்ந்தது, இது வெளியிலிருந்து வருவது என்று பிரித்துக் காட்ட வழி இருக்கும்போது பெயரைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளை வரும் அட்டவணையில் ‘கேட்ட_மாவட்டம்’ என்றே ஒரு நெடுவரிசை இருந்தால் நல்ல பெயரும் காப்பாற்றாது என்பதால், அந்த வழியையும் கைக்கொள்ளத்தான் வேண்டும். சப்செட்டின் உதவிப் பக்கமே அந்தக் கட்டளை நேரடியாக உட்கார்ந்து ஆராய்வதற்கானது, நிரலுக்குள் வைப்பதற்கல்ல என்று எச்சரிக்கிறது. ஆனாலும் டிபிளையரில் அப்படிப் பிரித்துக் காட்டும் குறியீடுகள் கணினிக்குத்தான் தெளிவைத் தரும். அடுத்த ஆண்டு அதே நிரலைத் திறந்து திருத்தப்போகும் அலுவலருக்கு, எது கேட்டது, எது அட்டவணையில் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியது பெயர்தான்.