உச்சிக்குழி புடைத்தால் உடுக்கை எதற்கு?

காப்பி மணக்கும் மலை. மிளகுக்கொடி படரும் மலை. சாமையும் கேழ்வரகும் விளையும் மலை, வத்தல்மலை! விளைந்ததைத் தலையிலே சுமந்து, நோயாளியைத் தூளியிலே கட்டித் தூக்கி, கல்லிலும் முள்ளிலும் அந்த மக்கள் இறங்கிவந்த காலம் ஒன்று இருந்தது. இன்று சாலை இருக்கிறது. 108 வண்டியும் 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அந்தச் சாலையிலே காய்ச்சல் கண்ட கைக்குழந்தை எப்போது இறங்குகிறது? முதல் நாளா, மூன்றாம் நாளா?

குழந்தை பால் குடிக்கவில்லை. உடனே, "சீர் தட்டிவிட்டது" என்கிறாள் பாட்டி. கயிறு வருகிறது, திருநீறு வருகிறது, வேப்பிலை வருகிறது. மருத்துவர் மட்டும் வருவதில்லை! மலைவாழ் மக்களை மட்டும் சொல்கிறோம் என்று எண்ணவேண்டாம். மாடிவீட்டு மகராசிகளும் மந்திரிப்பவன் வாசலில் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

கிருமி மந்திரத்துக்கு அஞ்சுவதில்லை, தோழர்களே! இரத்தத்திலே புகுந்து, மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்குகிறது. அதைத்தான் மூளைச்சவ்வுக் காய்ச்சல் என்கிறார்கள். பெரியவனுக்குக் கழுத்து விறைக்கும், தலை பிளக்கும். அவன் வாய்விட்டுச் சொல்வான். பச்சைக் குழந்தைக்கோ கழுத்து விறைக்காமலும் இருக்கும். அது பால் மறுக்கும், துவண்டு கிடக்கும், வாந்தி எடுக்கும், கீச்சுக் குரலில் ஓயாமல் அழும், வலிப்பு வரும், உச்சிக்குழி புடைக்கும். சில குழந்தைகளுக்கு உடம்பு சுடாமல் சில்லிட்டும் போகும். இந்தக் கிருமிக் காய்ச்சல் கண்டவர்களில் ஆறில் ஒருவர் மாள்கிறார். ஐந்தில் ஒருவர் காது கேளாமை, வலிப்பு போன்ற கேடுகளுக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மணிக்கணக்கிலே முடிவாகும் வழக்கு இது!

மருத்துவமனைக்குப் போன பிறகும் ஒரு பயம் குறுக்கே நிற்கிறது. "முதுகுத் தண்டிலே நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும்" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வார். தகப்பன் கையெழுத்துப் போட மறுப்பான். ஊசி நுழையும் இடம் தண்டுவடம் முடிந்து, அதற்கும் கீழே. எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதை அந்த நீர்தான் காட்டிக்கொடுக்கிறது.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்டதை நாடு மறக்கவில்லை. எடைக்குறைவும் குறைப்பிரசவமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அவர்களுக்கெல்லாம் மூளைச்சவ்வுக் காய்ச்சல் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், எடை குறைந்து பிறக்கும் பிள்ளையைத்தான் கிருமி எளிதிலே வீழ்த்துகிறது. அந்த எடை ஏன் குறைகிறது? சோகை பிடித்த தாய், பதினெட்டு நிறையாத தாய்! பழி சனீசுவரன் மீதா?

தடுப்பு இருக்கிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி இந்தியாவிலேயே முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும் வந்தது. மூளைச்சவ்வைத் தாக்கும் ஹிப் கிருமிக்கு அதிலே பாதுகாப்பு உண்டு. பிறந்த 6, 10, 14 வாரங்களில் போடவேண்டும். நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2021 முதல் 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் போடப்படுகிறது. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் விலை. அரசு சுகாதார நிலையத்திலே காலணா வேண்டாம்!

முதல் இரண்டும் போட்டுவிட்டு, ஒன்பதாம் மாதத்தை மறந்துவிடுவோர் உண்டு. வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்கும் கிளைத் தோழர்களே, அதே நடையிலே கைக்குழந்தை உள்ள வீடுகளில் அந்தத் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒன்பதாம் மாதக் கட்டம் காலியாக இருந்தால், கிராமச் செவிலியர் வரும் நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள்.