ஆல்பம் கவர் டிசைனுக்கு 2,000 ரூபாய்: லாபமா, நஷ்டமா?



வருமான வரி ரிட்டர்ன் ஃபைல் பண்ண ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்திருந்தார். சொந்தமா பாட்டு வெளியிடுற பாடகர்களுக்கு ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் கவர் செய்து கொடுக்கிறார். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் வரவெல்லாம் 2,000, 2,000-ஆகவே இருந்தது. "இந்த ரேட்டை எப்படி முடிவு பண்ணீங்க?"ன்னு கேட்டேன். "எல்லாரும் அதான் சார் வாங்குறாங்க" என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. அவர் செய்த ஒரு கவரை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. கையில் இருந்தது நாலு வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்தான்.

நீங்களும் டிசைன் பண்றவரா இருந்தா, இந்தக் கணக்கை ஒரு தடவை சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

1. முதல்ல நேரத்தை எண்ணுங்க

அவரை ஒரு கவருக்கு ஆகும் நேரத்தை எழுதச் சொன்னேன். பாட்டைக் கேட்டு, ஐடியா பேச 2 மணி. படத்தைக் கட் பண்ணி, லேயர் லேயரா அடுக்கி, கலர் சரி செய்ய 6 மணி. தமிழ் எழுத்தை அமைக்க 3 மணி. "கொஞ்சம் மாத்துங்க ப்ரோ"வுக்கு 3 மணி. கடைசி ஃபைல் எடுக்க 1 மணி. மொத்தம் 15 மணி நேரம்.

வீட்டுச் செலவுக்கு மாசம் 30,000 வேணும். சாஃப்ட்வேர் சந்தா, கரண்ட், நெட், கம்ப்யூட்டர் தேய்மானம் எல்லாம் சேர்த்து 5,000. மாசத்துல காசு வர்ற வேலை நேரம் 100 மணி. அப்போ ஒரு மணிக்கு 350 ரூபாய். 15 மணிக்கு 5,250. ஃபோட்டோ, ஃபான்ட் லைசென்ஸுக்கு 750 சேர்த்தா 6,000. அவர் வாங்கினது 2,000. அதாவது ஒவ்வொரு கவருக்கும் 4,000 ரூபாயைக் கையிலிருந்து போட்டிருக்கிறார்.

செலவைக் குறைக்கவும் வழி இருக்கு. கிம்ப், போட்டோபியா இரண்டையும் இலவசமாகவே பயன்படுத்தலாம். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர் போன்ற தமிழ் எழுத்துருக்களை வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். கூகுள் தேடலில் கிடைக்கிற படத்தை மட்டும் எடுத்து ஒட்டாதீங்க.

2. ஸ்ட்ரீமிங் ஃபைல் வேற, பிரிண்ட் ஃபைல் வேற

ஸ்ட்ரீமிங்குக்குப் பொதுவாகக் கேட்பது 3000 x 3000 பிக்சல் சதுரப் படம், ஆர்ஜிபி கலரில். அதையே 300 டிபிஐ-யில் அச்சடித்தால் 10 இஞ்ச்தான் வரும். 12 இஞ்ச் இசைத்தட்டு உறைக்கே பத்தாது. பிரிண்டுக்குப் பெரிய சைஸ், சிஎம்ஒய்கே கலர் என்று தனி வேலை இருக்கு. தனி வேலைக்குத் தனி பில்.

3. 200 பவுண்டும் 50 பவுண்டும்

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் 1967-ல் வந்தது. அதன் கவரை பீட்டர் பிளேக், ஜான் ஹாவொர்த் இருவரும் உருவாக்கினார்கள். கிராமி விருதும் வாங்கியது. ஆனால் அதற்குக் கிடைத்தது 200 பவுண்டுதான் என்று பிளேக் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது.

ரோலிங் ஸ்டோன்ஸின் நாக்கு லோகோவை 1970-ல் வரைந்த ஜான் பாஷ் அப்போது லண்டனில் ஒரு மாணவர். அவருக்குக் கிடைத்தது 50 பவுண்டு. ஆனால் கதை அதோட முடியவில்லை. பின்னாடி ராயல்டி வந்தது. காப்பிரைட்டை 26,000 பவுண்டுக்கு விற்றார். அசல் ஓவியத்தை 2008-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 92,500 டாலருக்கு வாங்கியது. படம் வேற, படத்தின் உரிமை வேற. இரண்டையும் தனித்தனியா விற்கலாம்.

4. நம்ம சட்டம் என்ன சொல்லுது?

1957-ம் ஆண்டு காப்பிரைட் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்கணும். எவ்வளவு காலம்னு எழுதலைன்னா 5 வருஷம்தான். எந்த இடம்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள் மட்டும்தான். நீங்க ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்து வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை கம்பெனிக்கு.

அதனால கொட்டேஷனில் இந்த நாலு வரியை எழுதிடுங்க:

- எதுக்குப் பயன்படுத்தலாம்: ஸ்ட்ரீமிங், சோஷியல் மீடியா மட்டும். டி-ஷர்ட், போஸ்டர் என்றால் தனிக் கட்டணம்.
- எத்தனை முறை திருத்தம்: இரண்டு. அதுக்கு மேல மணிக் கணக்கு.
- லேயரோட உள்ள ஃபைல் கொடுப்பதாக இருந்தால் அதற்குத் தனி விலை.
- பாதிப் பணம் முன்பணம். மீதி வந்த பிறகே ஃபைனல் ஃபைல்.

இன்னொன்று: பேமென்ட்டில் டிடிஎஸ் பிடிச்சிருக்காங்களான்னு பாருங்க. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும், ரிட்டர்ன் போட்டால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். இந்தத் தம்பிக்கும் அப்படி ஒரு ரீஃபண்ட் இருந்தது.

டி-ஷர்ட் விஷயத்துக்கு ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். எழுதிக் கொடுக்காத உரிமை கைமாறிவிட்டதாக அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. அது அவருக்குச் சாதகமாகவும் அமையலாம். புது ரேட் 6,000-ன்னு சொன்னதும் பழைய கஸ்டமர் சிலர் போயிட்டாங்களாம். "பயமா இருக்கு சார்"னு போன் பண்ணார். "போனது 4,000 ரூபாய் நஷ்டம் தர்ற கஸ்டமர் தம்பி"ன்னு சொன்னேன்.

நீங்க கடைசியா செய்த வேலையை எடுத்து, மணிக்கு எவ்வளவு கிடைச்சதுன்னு இன்னைக்கே கணக்குப் போடுங்க. அந்த நம்பரைப் பார்த்த பிறகு அடுத்த கொட்டேஷனை அனுப்புங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!