வைத்தியசாலையில் கொடுத்த தகவல் வெளியே போனால்? மலையக மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இரத்தப் பரிசோதனைக்குப் போகும் ஒருவரிடம் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்கிறார்கள். அவரும் கொடுக்கிறார். இரத்த மாதிரி வேறு ஊரிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அறிக்கை குறுஞ்செய்தியாகவோ வட்ஸ்அப்பிலோ வந்து சேர்கிறது. முன்பு இதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏற வேண்டியிருந்தது. அந்த வகையில் இது பெரிய வசதிதான்.

ஆனால் அந்த அறிக்கை நம்மிடம் வருமுன் எத்தனை கைகளைக் கடக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. மாதிரி சேகரிக்கும் நிலையம், ஆய்வுகூடம், அதற்கு மென்பொருள் செய்து கொடுத்த நிறுவனம், தரவைச் சேமித்து வைக்கும் நிறுவனம், குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம், காப்புறுதி நிறுவனம் எனச் சங்கிலி நீள்கிறது. நமக்குத் தெரிந்தது முதல் கை மட்டும்தான். தகவல் கசிவுகள் பலவும் நடப்பது நமக்குப் பெயர் கூடத் தெரியாத கைகளில்.

எங்கெல்லாம் நடந்திருக்கிறது?

தமிழ்நாட்டின் திருப்பூரிலுள்ள ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரின் சுமார் ஒன்றரை இலட்சம் நோயாளிகளின் விபரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதாக 2022 டிசம்பரில் இந்தியாவின் கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. அவை 2007 முதல் 2011 வரையிலான பதிவுகள். வைத்தியசாலையின் கணினியிலிருந்து அல்ல, மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்றிடமிருந்தே அவை எடுக்கப்பட்டதாக அந்நிறுவனம் கூறியது. கேட்கப்பட்ட விலை ஒரு பிரதிக்கு 100 டொலர். சிகிச்சை முடிந்து பத்து வருடங்களுக்கு மேலாகியும் அந்த நோயாளிகளின் விபரம் சந்தையில் விலை போகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

லண்டனில் 2024 ஜூன் மாதம் சின்னோவிஸ் என்ற ஆய்வுகூடச் சேவை நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. அதை நம்பியிருந்த பெரிய வைத்தியசாலைகளில் 10,000க்கும் மேற்பட்ட வெளிநோயாளர் சந்திப்புகளும் 1,700க்கும் மேற்பட்ட சிகிச்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன. நோயாளிகளின் தரவுகளும் இணையத்தில் வெளியிடப்பட்டன.

நமது நாடும் விதிவிலக்கல்ல. 2021 ஜூலையில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பெருந்தொகையான கோப்புகள் அரச தரவுச் சேமிப்பகத்திலிருந்து அழிந்துபோயின. அச்சபைக்கு மென்பொருள் சேவை வழங்கிய தனியார் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் அது தொடர்பில் கைது செய்யப்பட்டார். அழிந்தவை மருந்துப் பதிவு தொடர்பான கோப்புகளே, நோயாளிகளின் அறிக்கைகள் அல்ல. 2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்குரிய மாற்றுப் பிரதி இருக்கவில்லை. நாளை இதே நிலை வைத்தியசாலைப் பதிவுகளுக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மலையகத்தில் ஏன் கூடுதல் கவனம்?

வங்கி அட்டை களவு போனால் புதியதை எடுக்கலாம். நோயின் பெயர் வெளியே போனால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. காசநோய், மனநல சிகிச்சை, குழந்தைப்பேறு தொடர்பான சிகிச்சை, பாலியல் நோய்ப் பரிசோதனை போன்றவை ஒரே லயத்தில் சுவரோடு சுவராக வாழும் மக்களிடையே கசிந்தால், அது ஒரு பெண்ணின் திருமணப் பேச்சையோ ஓர் இளைஞனின் தொழிலையோ பாதிக்கும். நகரத்தில் கடை வைத்திருக்கும் நமது சமூகத்தவரின் நிலையும் இதுதான். சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கொவிட் காலத்தில் நோயாளியின் ஊரும் மதமும் பேசுபொருளாக்கப்பட்ட வேதனையை நாம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு சிக்கல் கடிதம். தோட்டங்களில் பல குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகம் வழியாகவே வருகிறது. 'உங்கள் மருத்துவத் தகவல் கசிந்துள்ளது' என்று ஒரு நிறுவனம் கடிதம் அனுப்பினாலும் அது உரியவரின் கைக்கு எப்போது வரும், வருமுன் யார் பிரிப்பார் என்பது தெரியாது. ஒரே தொலைபேசியை முழுக் குடும்பமும் பாவிக்கும் வீடுகளில் குறுஞ்செய்தியும் பாதுகாப்பானதல்ல. எனவே பரிசோதனைக்குப் பதியும்போதே, 'அறிக்கையை நானே வந்து எடுக்கிறேன், வேறு இலக்கத்துக்கு அனுப்ப வேண்டாம்' என்று சொல்வதில் தவறில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. உடல்நலம், மத நம்பிக்கை, சிறுவர் பற்றிய தரவுகளை அது விசேட வகையாகக் கருதுகிறது. தரவைச் சேகரித்து எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர் ஒருவர், அவருக்காக அதைக் கையாள்பவர் இன்னொருவர் எனச் சட்டம் இருவரைப் பிரித்துக் காட்டுகிறது. வைத்தியசாலை முதலாமவர், மென்பொருள் நிறுவனம் இரண்டாமவர். வேலையை வெளியே கொடுத்ததால் வைத்தியசாலையின் பொறுப்பு நீங்கிவிடாது. 'அது கம்பனியின் பிழை, எங்களுக்குத் தெரியாது' என்பது ஏற்கக்கூடிய பதில் அல்ல.

சிங்கப்பூர் இதற்கு நல்ல உதாரணம். 2018இல் சிங்ஹெல்த் அமைப்பின் 15 இலட்சம் நோயாளிகளின் விபரங்கள் திருடப்பட்டன. அதற்காக அதன் தகவல் தொழில்நுட்பப் பணிகளைச் செய்த நிறுவனத்துக்கு 7,50,000 சிங்கப்பூர் டொலரும், சிங்ஹெல்த்துக்கு 2,50,000 டொலரும் அபராதம் விதிக்கப்பட்டது. இரு தரப்பும் பொறுப்பேற்க நேர்ந்தது.

நமது சட்டத்தில் தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தவும் சில சந்தர்ப்பங்களில் அழிக்கக் கோரவும் உரிமை உண்டு. மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் 2022 சட்டம் இடமளித்தது. ஆனால் இச்சட்டம் கட்டம் கட்டமாகவே அமுலாகிறது. 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டத்தில் திருத்தங்களும் கொண்டுவரப்பட்டன. ஆகவே முறைப்பாடு செய்யுமுன் எந்தப் பிரிவு இப்போது அமுலில் உள்ளது என்பதைத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபையிடமோ ஒரு சட்டத்தரணியிடமோ கேட்டறிந்துகொள்வது நல்லது.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

முதலாவது, பதற்றப்பட வேண்டாம். 'உங்கள் தகவல் கசிந்துவிட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்' என்று வரும் செய்தியே மோசடியாக இருக்கலாம். உங்கள் பற்றுச்சீட்டிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே அழைத்து உறுதிசெய்யுங்கள். 'பணம் தந்தால் அழித்துவிடுகிறோம்' என்போருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் அழித்தார்களா என்று அறிய வழியில்லை.

இரண்டாவது, ஆதாரங்களைச் சேருங்கள். பற்றுச்சீட்டு, அறிக்கை இலக்கம், வந்த குறுஞ்செய்தி, அழைப்பு வந்த இலக்கம், திகதி, நேரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, வைத்தியசாலைக்கோ ஆய்வுகூடத்துக்கோ எழுத்தில் கேளுங்கள். என்னுடைய எந்தத் தகவல் வெளியே போனது? எப்போது போனது? எந்த நிறுவனத்திடமிருந்து போனது? இப்போது என்ன நடவடிக்கை எடுத்துள்ளீர்கள்? இந்த நான்கு கேள்விகளும் போதும். தமிழில் எழுதலாம். ஒரு பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

நான்காவது, அடையாள அட்டை இலக்கமோ வங்கி விபரமோ போயிருந்தால் வங்கிக்கு உடனே அறிவியுங்கள். ஓடிபி இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம். உங்கள் அடையாள அட்டையில் நீங்கள் அறியாத சிம் எடுக்கப்பட்டுள்ளதா என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள். காப்புறுதி உள்ளவர்கள் தமது பெயரில் வேறு யாரும் கோரிக்கை வைத்துள்ளார்களா என்று பாருங்கள்.

ஐந்தாவது, முறைப்பாடு. இணையப் பாதுகாப்பு ஆலோசனைக்கு ஶ்ரீலங்கா சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மிரட்டல், பணம் பறித்தல் என்றால் பொலிஸிலும், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலும் முறையிடலாம். களவாக எடுக்கப்பட்ட கணினித் தகவலை வாங்குவதும் விற்பதும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றமாகும். தனியார் வைத்தியசாலை பற்றிய முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு அனுப்பலாம். இழப்பீடு கோர விரும்பும் வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அரச வைத்தியசாலை என்றால் இன்னொரு வழியும் உண்டு. டிக்கோயா வைத்தியசாலையோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, அங்கு பாவிக்கப்படும் மென்பொருளை யார் பராமரிக்கிறார், தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, மாற்றுப் பிரதி இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அந்தக் கோரிக்கை மீது தீர்மானம் எடுக்க வேண்டும். தோட்டத் தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சமூக அமைப்புகளும் கசிவு நடக்குமுன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு வைப்பது நல்லது.

நம் கையாலேயே கசிவது

மற்றவரைக் கேள்வி கேட்குமுன் நம்மையும் பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கு உதவி தேடும் குடும்பத்தின் முழு வைத்திய அறிக்கை, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பிள்ளையின் படம் எல்லாவற்றையும் வட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறோம். ஆனால் அதே படங்களை எடுத்துக் கணக்கிலக்கத்தை மட்டும் மாற்றிப் பணம் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தேவையான உதவி கிடைத்த பின்னும் அந்தப் பிள்ளையின் நோய் விபரம் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. அறிக்கைகளைப் பள்ளிவாசல் நிர்வாகம் அல்லது நம்பகமான இருவர் பார்த்து உறுதிசெய்யட்டும். வெளியே போகும் பதிவில் தேவைப்படும் தொகையும் உறுதிப்படுத்தியவரின் தொடர்பும் இருந்தால் போதும். கொமினிகேஷன் கடையில் அறிக்கையை அச்செடுத்தால், அங்குள்ள கணினியிலிருந்து கோப்பை அழித்துவிட்டு வெளியேறுங்கள்.

நோயாளி ஒருவர் தன் உடலைப் பற்றிச் சொல்வது அமானிதம். வைத்தியருக்கும் தாதிக்கும் உள்ள பொறுப்பு, எங்கோ கணினி முன் இருக்கும் மென்பொருள் பணியாளருக்கும் உண்டு. அதை அவர்கள் பேணுகிறார்களா என்று கேட்கும் உரிமை, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் நகரத்துக் கடை முதலாளிக்கும் ஒன்றுதான்.