குழந்தைகள் விளையாடும் மண்ணில் ஈயம்

1970களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் மண்ணெடுத்துச் சோதித்தார் ஆய்வாளர் ஹோவர்ட் மீல்கி. பழைய சுவர்களிலிருந்து உதிரும் ஈயப் பெயின்ட்தான் குழந்தைகளின் ரத்தத்தில் கலக்கிறது என்று பலரும் நம்பிய காலம் அது. அளவுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது கணக்கு இடித்தது. ஈயம் மிகுந்த தோட்டங்கள் நகரின் நடுவே நெருக்கமாகக் கிடந்தன. அங்கே இருந்தவையோ பெரும்பாலும் பெயின்ட் பூசாத செங்கல் வீடுகள். சந்தேகம் வண்டிகள் பக்கம் திரும்பியது. ஆய்வு 1983-ல் வெளியானது.

இன்ஜினில் 'நாக்கிங்' என்னும் தட்டும் சத்தம் வராமலிருக்க, 1923 முதல் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து விற்றார்கள். புகையோடு வெளியேறிய ஈயம் நெரிசல் மிகுந்த சாலைகளின் ஓரங்களில் படிந்தது. ஈயம் மட்காது, மழைநீரில் எளிதில் கரைந்து ஆழத்துக்கும் போகாது. குழந்தைகள் தவழ்ந்து, அளைந்து, விரலை வாயில் வைக்கும் அதே மேல்மண்ணில் தங்கிவிடும். அமெரிக்கச் சாலைகளில் 1996-லும் இந்தியாவில் 2000-லும் ஈய பெட்ரோல் நின்றுபோனது. ஏற்கெனவே மண்ணில் படிந்த ஈயம் போய்விடவில்லை.

மீல்கி பின்னர் நியூ ஆர்லியன்ஸுக்குச் சென்று நகரம் முழுவதையும் அளந்தார். ஒரே தெருவில்கூடச் சாலையோரம் ஓர் அளவு, வீட்டுச் சுவரடியில் ஓர் அளவு, திறந்தவெளியில் வேறு அளவு இருக்கும் என்பதால், ஓரிடத்து மண்ணை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அதனால் ஒவ்வொரு வட்டாரத்திலும் பல இடங்களில், மேலே இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். அதைக் காயவைத்துச் சலித்து, நைட்ரிக் அமிலத்தில் குலுக்கி, கரைந்து வந்த உலோகத்தைக் கருவியில் அளந்தார்கள்.

2005-ல் கத்ரீனா சூறாவளி நகரத்தை மூழ்கடித்தது. அதற்குப் பின் மீண்டும் அளந்தார்கள். 274 வட்டாரங்களை ஒப்பிட்டு 2019-ல் வெளியான கட்டுரையின்படி, சுமார் 15 ஆண்டுகளில் மண்ணிலிருந்த ஈயத்தின் இடைநிலை அளவு கிலோவுக்கு 99 மில்லிகிராமிலிருந்து 54 ஆகக் குறைந்திருந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 3.6 மைக்ரோகிராமிலிருந்து 1.2 ஆனது. மண் மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கியதை ஒதுக்கித்தள்ளவும் முடியாது.

பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் ஏறிய பிறகு அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. இது தலைகீழான முறை. முதலில் சோதிக்க வேண்டியது மண்ணை.

தீர்வும் எளியதுதான். நியூ ஆர்லியன்ஸில் 10 குழந்தைகள் காப்பக மைதானங்களில் பழைய மண்மீது நீர் புகும் துணியை விரித்து, அதன்மேல் மிசிசிப்பி ஆற்றின் சுத்தமான வண்டலைப் பரப்பினார்கள். கிலோவுக்கு 558 மில்லிகிராம் என்றிருந்த இடைநிலை அளவு ஏறத்தாழ 4 ஆகக் குறைந்தது.