கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே, கேட்கக் கூச்சப்படாதீர்கள்!

பிளஸ்-2 தேர்வு முடிந்தது. முடிவும் வந்துவிட்டது. வீட்டில் சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்கிறார்: "பிள்ளையை அடுத்து என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள்?"

எந்தக் கல்லூரி? என்ன படிப்பு? எவ்வளவு பணம்? இந்த மூன்றையும் பற்றி வீட்டில் இரவு பகலாகப் பேசுகிறார்கள்.

ஆனால், பேச மறந்துவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்த பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அது.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பிள்ளைகள்கூடக் கல்லூரியில் முதல் ஆண்டு தடுமாறுகிறார்கள். சிலர் பாதியிலேயே படிப்பை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. பள்ளிக்கூடம் வேறு, கல்லூரி வேறு என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அதிலும், வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் பாடு கஷ்டம். அப்பாவுக்குக் கல்லூரி தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. வழி சொல்ல அண்ணன், அக்காள் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கட்டுரை.

துரத்த ஆள் இல்லை

பள்ளிக்கூடத்தில் 2 நாள் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று வாத்தியார் கேட்பார். வீட்டுப் பாடம் எழுதாவிட்டால் திட்டுவார். தேர்வு நெருங்கினால், முக்கியமான கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பார்.

கல்லூரியில் அப்படி இல்லை. பேராசிரியர் வருவார். பாடம் நடத்துவார். மணி அடித்ததும் போய்விடுவார். புரியவில்லை என்று யாராவது கேட்டால் மறுபடியும் சொல்வார். ஒருவரும் கேட்காவிட்டால், எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

முன்பு இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. 11-ஆம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடியும். பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. படிக்க வேண்டும். அதைப் 'புகுமுக வகுப்பு' என்பார்கள். அந்த ஓராண்டில் கல்லூரிப் பழக்கங்கள் வந்துவிடும். அதன் பிறகுதான் பட்டப் படிப்பு.

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ்-2 முறை வந்தது. பி.யு.சி. போய்விட்டது. இப்போது பள்ளிக்கூடத்தை விட்டு வருகிறவர் நேராகப் பட்டப் படிப்பில் உட்காருகிறார். பழகிக்கொள்வதற்கு என்று தனியாக ஓராண்டு கிடையாது. முதல் பருவத்தில் வாங்கும் மார்க்கும் பட்டத்தில் சேர்ந்துவிடும்.

ஆகையால், முதல் நாளில் இருந்தே கவனமாக இருக்க வேண்டும்.

ராமானுஜத்துக்கு நேர்ந்த கதி

கணித மேதை ராமானுஜத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர் கல்லூரியில் தோற்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தார். 1904-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணக்கில் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவித் தொகையோடு இடம் கிடைத்தது.

அங்கே என்ன நடந்தது? ராமானுஜம் கணக்கை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தார். மற்றப் பாடங்களைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை. உதவித் தொகை பறிபோயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டார்.

1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. தேர்வை 2 தடவை எழுதினார். 2 தடவையும் தோல்வி! பட்டம் வாங்காமலே படிப்பு நின்றது.

பிறகு அவர் உயர்ந்தது எப்படி? நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவர்களைத் தேடிப் போனார். 1910-ல் திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த ராமசாமி அய்யரைப் பார்த்து, ஒரு வேலை கேட்டார். ராமசாமி அய்யர் கணக்குத் தெரிந்தவர். ராமானுஜத்தின் திறமையைப் புரிந்துகொண்டு, மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913 ஜனவரியில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்கு ராமானுஜம் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துப் போனது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

கேட்ட இடத்தில் எல்லாம் அவருக்கு உதவி கிடைத்துவிடவில்லை. ஆனாலும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

பிடித்த பாடத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. தெரிந்தவர்களிடம் போய்க் கேட்கக் கூச்சப்படக் கூடாது. இந்த இரண்டையும் ராமானுஜத்தின் வாழ்க்கையில் இருந்து கற்றுக்கொள்ளலாம்.

சேரும் முன்பே கேளுங்கள்

"என் சிநேகிதன் இந்தப் படிப்பில் சேருகிறான். நானும் சேருகிறேன்" என்று சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். இது தவறு.

அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தார். பாடம் பவுதிகம். அந்தப் படிப்பை முடிக்கும் சமயத்தில்தான், தான் போயிருக்க வேண்டியது என்ஜினீயரிங் படிப்பு என்று அவருக்குத் தெரிந்தது. இன்டர்மீடியட் முடித்ததுமே அதில் சேர்ந்திருக்கலாம் என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பிறகு சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்குப் பணம் இல்லை. அவருடைய அக்காள் தம் நகையைக் கொடுத்து உதவினார். அதன் பிறகுதான் அவர் விமானப் பொறியியல் படிக்க முடிந்தது.

சேரும் முன்பு, அதே படிப்பைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து இந்த 4 கேள்விகளைக் கேட்க வேண்டும்:

1. இந்தப் படிப்பில் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன?

2. எனக்குப் பிடிக்காத பாடம் இதில் எத்தனை வருகிறது?

3. முடித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள்?

4. கட்டணம் தவிர வேறு செலவு என்ன?

சான்றிதழ்கள் பத்திரம்!

மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம். இவற்றை ஒரே பையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 5 நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்க் ஷீட் முதலிய அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இப்படி உத்தரவிட்டது.

வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையா? அப்படியானால் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். கவுன்சலிங் மூலம் தொழிற்கல்வியில் சேரும்போது இது கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020-லும், என்ஜினீயரிங் முதலிய படிப்புகளில் 2021-லும் இது வந்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 கொடுக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024-ல் தொடங்கியது.

கல்விக் கடன் ரூ.4 லட்சம் வரை என்றால், வீடு, நிலம் எதையும் ஈடு வைக்கத் தேவை இல்லை.

இந்த விதிகளில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் வரலாம். ஆகையால் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். "எனக்கு என்ன சலுகை கிடைக்கும்?" என்று கேட்பது பிச்சை அல்ல. அது மாணவனின் உரிமை.

புதிய சொற்கள்

கல்லூரிக்குப் போனதும் சில புதிய சொற்கள் காதில் விழும். அவற்றின் பொருளை முன்பே தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

செமஸ்டர்: இது பருவம். ஓர் ஆண்டுக்கு 2 செமஸ்டர். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்புக்கு 6 செமஸ்டர். என்ஜினீயரிங்குக்கு 8 செமஸ்டர்.

இன்டர்னல்: கல்லூரியிலேயே போடும் மார்க். பல கலைக் கல்லூரிகளில் இது 100-க்கு 25. வகுப்புத் தேர்வு, கட்டுரை, வருகை ஆகியவற்றைப் பார்த்துப் போடுவார்கள்.

டே ஆர்டர்: பல கல்லூரிகளில் கிழமை பார்த்துப் பாடம் நடப்பதில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று 6 நாள் வரை கணக்கு. நடுவில் விடுமுறை வந்தால், விட்ட இடத்தில் இருந்து தொடங்கும். 'இன்று திங்கட்கிழமைதானே' என்று நினைத்து வேறு புத்தகத்தை எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

அரியர்: தேர்வில் தோற்ற பாடம். இதை மறுபடியும் எழுதித் தேறலாம். ராமானுஜம் காலத்தில் ஒரு பாடத்தில் தோற்றால் எல்லாம் தோல்வி. இன்று அப்படி இல்லை. ஆனால் அரியரைச் சேரவிட்டால் கடன்போல் வளரும். அடுத்த தடவையே எழுதி முடித்துவிட வேண்டும்.

வருகை: பொதுவாக 75 சதவீதம் வேண்டும். ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள் என்றால், 22 நாளுக்கு மேல் போகாமல் இருக்க முடியாது. காய்ச்சல், கல்யாணம், திருவிழா எல்லாம் இந்த 22 நாளுக்குள் அடங்க வேண்டும்.

இங்கிலீஷ் பயம்

தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்குப் பெரிய பயம் இங்கிலீஷ்தான். பேராசிரியர் இங்கிலீஷில் பாடம் நடத்துகிறார். பக்கத்தில் இருப்பவன் மளமளவென்று எழுதுகிறான். நமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் ஒடிந்துபோகிறது.

உண்மையில் தெரியாதது பாடம் அல்ல, பெயர்தான். 'முடுக்கம்' என்று படித்தவனுக்கு 'ஆக்ஸிலரேஷன்' தெரியும். 'ஒளிச்சேர்க்கை' படித்தவளுக்குப் 'போட்டோசிந்தசிஸ்' தெரியும். இரண்டும் ஒன்று என்று தெரிந்தால் போதும்.

ஒரு நோட்டு வாங்க வேண்டும். இடது பக்கம் தமிழ்ச் சொல். வலது பக்கம் இங்கிலீஷ் சொல். ஒரு நாளைக்கு 5 சொல் எழுதினால், 90 நாளில் 450 சொல் சேர்ந்துவிடும்.

வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால், வகுப்பு முடிந்ததும் பேராசிரியரைப் பார்க்கலாம்.

"சார், நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். இந்த இடம் மட்டும் புரியவில்லை, சார்."

"இதை வகுப்பிலேயே கேட்டிருக்கலாமே, தம்பி? உனக்குப் புரியாதது இன்னும் 10 பேருக்குப் புரிந்திருக்காது. வா, சொல்கிறேன்."

பல பேராசிரியர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டால், இன்னொருவரிடம் கேட்கலாம். தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராகிங் செய்தால்?

மூத்த மாணவர்கள் அன்போடு பேசினால் பேசலாம். ஆனால் அடித்தாலோ, அவமானப்படுத்தினாலோ, பணம் பிடுங்கினாலோ பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ல் சட்டம் வந்தது. குற்றம் செய்தவருக்கு 2 ஆண்டு வரை ஜெயில் தண்டனையும், ரூ.10 ஆயிரம் வரை அபராதமும் விதிக்கலாம். 1800-180-5522 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் டெலிபோனில் புகார் சொல்லலாம். வீட்டிலும் உடனே சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

"எனக்குப் படிப்பு தெரியாது. நான் என்ன கேட்பது?" என்று பல தந்தைமார்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். படிப்பு தெரிய வேண்டியது இல்லை. "இன்று என்ன நடந்தது? யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்கலாம். பிள்ளை விடுதியில் இருந்தால், வாரத்துக்கு 2 தடவை போனில் பேச வேண்டும்.

பிள்ளை ஒரு பாடத்தில் தோற்றுவிட்டால் ஆத்திரப்படக் கூடாது. "இவ்வளவு பணம் செலவழித்தேனே!" என்று சொல்லிக் காட்டக் கூடாது. அப்படிச் சொன்னால், அடுத்த தோல்வியைப் பிள்ளை வீட்டில் மறைத்துவிடும். மறைத்தால், உதவி செய்ய வழி இல்லாமல் போய்விடும்.

மகளுக்கு ஓர் அரியர் விழுந்ததும், "போதும் படிப்பு. கல்யாணத்தை முடித்துவிடலாம்" என்று சில வீடுகளில் முடிவு செய்கிறார்கள். அரியர் 6 மாதத்தில் சரியாகிவிடும். நிறுத்திய படிப்பு திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

கல்லூரி திறப்பதற்கு முன் சில நாட்கள் இருக்கின்றன. பஸ்சில் தனியாகப் போய் வரட்டும். வங்கியில் பணம் போடவும் எடுக்கவும் பழகட்டும். துணி துவைக்கவும், சோறு வடிக்கவும் மகனும் கற்றுக்கொள்ளட்டும். முக்கியமாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் மரியாதையோடு ஒரு விவரம் கேட்டு வரட்டும்.

வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர் தனக்காக மட்டும் படிக்கவில்லை. நாளைக்குத் தம்பியும் தங்கையும் போகும்போது, கேட்பதற்கு அவர்களுக்கு ஓர் ஆள் இருக்கும்.